வெறும் தட்டு

எதுவும் முளைக்கக் கூடாத தட்டில் மூன்று வெள்ளைப் புள்ளிகள் முளைத்திருந்தன.

ஆய்வாளருக்கு முதலில் வந்தது பயமல்ல, இளக்காரம். எவனோ மூடியைத் திறந்து வைத்துவிட்டு வாய் பார்த்திருக்கிறான். இந்தக் கம்பெனியில் சுத்தபத்தமாக வேலை தெரிந்த ஒரே ஆள் தான்தான் என்பது அவள் தீர்மானம்.

சோதனை எளிமையானது. இரத்தம் கலந்த கூழைத் தட்டில் உறையவைத்து, குடலுக்கு நல்லது என்று மாத்திரையில் அடைத்த பாக்டீரியாவை அதன்மேல் கோடாக இழுத்து, உடல்சூட்டில் இருக்கும் பெட்டியில் ஒரு நாள் வைப்பார்கள். சாதுவான கிருமி என்றால் சிவப்பு அப்படியே இருக்கும். பொல்லாதது என்றால் சிவப்பணுக்களை உடைத்து, தன்னைச் சுற்றித் தெளிந்த வளையம் போடும். பக்கத்திலேயே கிருமி தொடாத வெறும் தட்டு ஒன்றும் இருக்கும். கூழும் இரத்தமும் சுத்தம் என்பதற்கு அதுதான் சாட்சி.

ஆட்டு இரத்தம் வந்து சேராத வாரங்களில் தன் கையிலிருந்தே எடுத்துக் கலந்துவிடுவது அவள் வழக்கம். இந்த மாத்திரைக் கிருமிக்கு அப்படிச் செய்தது இந்த வாரம்தான் முதல் முறை.

"நீங்கதான் உள்ள வந்து தும்மியிருப்பீங்க," என்றாள், வாசலில் நின்ற விற்பனை மேலாளரிடம்.

"மூணு நாளா நான் இந்தப் பக்கமே வரல மேடம். ஒரு தட்டுதானே, தூக்கிப் போட்டுட்டு வேற வைங்க."

மூளையை அடகு வைத்த மனுஷன். புள்ளியைத் தொட்டு நுண்ணோக்கியில் பார்த்தாள். குச்சிகள், ஒவ்வொன்றின் முனையும் கவைபோல் பிளந்திருந்தது. மாத்திரைக் கிருமி. ஆனால் புள்ளிகளைச் சுற்றி வளையம். ஆட்டு இரத்தத்தில் அது வளையம் போட்டதே இல்லை. அதை நம்பித்தான் மாத்திரை பாதுகாப்பானது என்று அவள் கையெழுத்துப் போட்டாள். சோதனைக்கு ஒப்புக்கொண்ட இருநூறு பேர் அதை விழுங்கிக்கொண்டிருக்கிறார்கள். பயந்து தயங்கியவர்களைக் கேலி செய்ய, நாற்பது நாளாக அவர்கள் கண்முன்னே அவளும் தினம் இரண்டு விழுங்கினாள்.

கதவைச் சாத்தி, புதுக் கூழ் காய்ச்சி, புது ஊசியால் தன் இரத்தம் எடுத்துக் கலந்து, கிருமி தொடாமல் வெறும் தட்டாகவே மறுபடி வைத்தாள். மறுநாள் மதியம் பெட்டியைத் திறந்தபோது புளித்த பாலின் வெதுவெதுப்பான வாடை முகத்தில் அடித்தது. தட்டில் சிவப்பே இல்லை. கண்ணாடிபோல் தெளிந்து, அடியில் அவள் விரல்கள் தெரிந்தன.

இன்னொரு ஊசி. குத்தினாள். இழுத்தாள்.

வலி இல்லை.

குழாய் நிறைந்தது. தண்ணீர். வெறும் தண்ணீர்போல.

முழங்கைக்கு மேலே, தோலுக்கடியில், நரம்பு போன வழியெல்லாம் வெள்ளைப் புள்ளிகள் வரிசையாக எழும்பி நின்றன. தோள் பக்கமாக, ஒவ்வொன்றாக, இன்னும் எழுந்துகொண்டிருந்தன.