ஒரு மணிக்கு ஆள் மாறும் நாற்காலி

"டோக்கன் எடுத்தீங்களா?" தலையைத் தூக்காமலே கேட்டாள் டாக்டர்.

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. சொட்டச் சொட்ட நனைந்து வாசலில் நின்றவன் ஒரு கணம் விழித்தான். பிறகு சட்டென்று ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டான்.

"இல்லைங்க... ஆனா நெஞ்சு படபடன்னு அடிக்குது."

"எப்பலேர்ந்து?"

"உள்ள வந்ததுலேர்ந்து..."

நிமிர்ந்தாள். எதிரே குறும்பு மின்னும் அவன் கண்கள்... இமையில் இன்னும் ஒரு மழைத்துளி. அதற்குள் நர்ஸ் அக்கா எட்டிப் பார்த்து, "அட, வந்துட்டீங்களா! இவர்தான்மா மதியத்துக்குப் புது டாக்டர்" என்றாள்.

அவள் முகம் சிவந்தது. கோபமா, வெட்கமா... அவளுக்கே தெரியவில்லை.

அந்தச் சின்ன கிளினிக்கில் ஒரே அறை, ஒரே நாற்காலி. ஒரு மணி வரை அவள், அதன்பிறகு அவன். நோயாளிகளைப் பற்றிச் சொல்லி ஒப்படைக்க ஐந்து நிமிடம் போதும். அது பத்தாகி, கால் மணியாகி...

ஒருநாள் அவன் வாய்தான் சும்மா இருக்கவில்லை.

"இப்படி அரைநாளோட பறக்குறீங்களே... டாக்டர் வேலை உங்களுக்குப் பொழுதுபோக்கா?"

விளையாட்டாய்த்தான் கேட்டான். அவள் கண்கள் நிறைந்துவிட்டன. மறுநாளிலிருந்து பேச்சே இல்லை. துண்டுச் சீட்டில் விவரம் எழுதி நகர்த்திவிட்டுக் கிளம்பிவிடுவாள்.

ஒரு வாரம் தாங்கினான். ஞாயிற்றுக்கிழமை நர்ஸ் அக்காவிடம் முகவரி வாங்கிக்கொண்டு நேரே அவள் வீட்டுக்கே போய்விட்டான்.

கதவு திறந்திருந்தது. பக்கவாதத்தில் பேச்சிழந்த அப்பாவின் எதிரே உட்கார்ந்து, அவள் ஒரு தம்ளரைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தாள். "தண்ணி... சொல்லுங்கப்பா. தண்ணி..."

அப்பாவின் பார்வை வாசலுக்குப் போனது. உதடு கோணியது, நடுங்கியது. "வா...ங்க..."

தம்ளர் கைநழுவி விழுந்தது. "அப்பா! பேசிட்டீங்கப்பா! நாலு மாசமாச்சுப்பா..." சிரிப்பும் அழுகையுமாய் எழுந்து திரும்பியவள், அவனைப் பார்த்ததும் அப்படியே நின்றாள்.

தினமும் அரைநாளோடு அவள் பறப்பது எதற்கென்று அவனுக்குப் புரிந்தது. "மன்னிச்சிடுங்க. தெரியாம வாயை விட்டுட்டேன்."

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே... நீங்களாவே முடிவு பண்ணிட்டீங்க."

"அப்போ இன்னொண்ணும் கேட்டுடறேன். தினமும் அரை மணி முன்னாடியே வர்றேனே, ஏன்னு தெரியுமா?"

"வீட்ல விரட்டிடுறாங்களோ என்னவோ!" உதட்டோரம் சிரிப்பு எட்டிப் பார்த்தது.

"உங்களைப் பாக்கத்தான். வாழ்நாள் பூரா பாத்துக்கிட்டே இருக்கணும்போல இருக்கு."

அவள் தலைகுனிந்தாள். குரல் காற்றாய் வந்தது.

"இந்த ஒரு வாரமா... கடைசி நோயாளியை நானும் வேணும்னேதான் மெதுவாப் பாத்தேன்... நீங்களா வந்து பேசமாட்டீங்களான்னு..."