ஒரு மூளை விதி

"வாதி சொல்வது அத்தனையும் உண்மை என்றே ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம்" என்று மேசை நடுவிலிருந்த மதிநிழல் கம்பீரமான ஆண் குரலில் ஆரம்பித்தது. "அப்போதும் குளிர்கிடங்கின் கதவை மூடாமல் போனது யார் என்ற கேள்வி பாக்கி இருக்கிறது. அதை நிரூபிக்க வேண்டிய பொறுப்பு அவர்களுடையது."

தூத்துக்குடியிலிருந்து வந்திருந்த கட்சிக்காரர் சேவியர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அட, இதத்தானய்யா நான் ஆறு மாசமா தேடிட்டு இருக்கேன்!" என்று மேசையைத் தட்டினார்.

இதே வாதத்தை, இதே வரிசையில், பத்து நிமிடத்துக்கு முன்னால் குழல்வாய்மொழி சொல்ல ஆரம்பித்திருந்தாள். அப்போது சேவியர் மணிக்கட்டுத் திரையில் இறால் விலை பார்த்துக்கொண்டிருந்தார். அலுவலகத்தின் தலைவர் கோமளீஸ்வரனோ, "குழலி, ஏசி ஜாஸ்தியா இருக்கே, கொஞ்சம் என்னன்னு பாரும்மா" என்று நடுவில் வெட்டினார். சொன்னாலே தன்னைக் குறைத்துக்கொள்ளும் ஏசிதான் அது. ஆனாலும் பதினோரு வருடம் வக்கீல் தொழில் செய்தவள் எழுந்துபோய்க் குறைத்துவிட்டு வந்தாள். அதற்குள் பேச்சு வேறெங்கோ போய்விட்டது, கதவு விஷயத்துக்கு அவள் வரவே முடியவில்லை.

"யாரோட நிழல் சார் இது?" என்று சேவியர் கேட்டார்.

"நம்ம ஹரிநந்தனோடது. என் அக்கா பையன்" என்றார் கோமளீஸ்வரன் பெருமையாக. பக்கத்திலிருந்த ஹரிநந்தன் தன் விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டான்.

குழலிக்குச் சுருக்கென்றது. எதிராளி சொல்வதை முதலில் ஒப்புக்கொண்டுவிட்டுப் பிறகு காலை வாருவது அவளுடைய பாணி. அதுகூடப் போகட்டும். கதவு பற்றிய யோசனை ஞாயிற்றுக்கிழமைதான் அவளுக்கு வந்தது. அதை அவள் தன் நிழலிடம் தவிர வேறு யாரிடமும் சொல்லவில்லை.

மதிநிழல் வந்து பதினைந்து வருடம் ஆகிறது. வக்கீல்கள் தினமும் சாயங்காலம் ஊட்டுக்கூண்டு என்னும் சின்ன அறைக்குள் அரை மணி நேரம் உட்கார வேண்டும். கருவி கேள்வி கேட்கும். இந்த வாதத்தை ஏன் எடுத்தாய், அந்தத் தீர்ப்பை ஏன் விட்டாய், சாட்சி பொய் சொல்கிறான் என்று எதை வைத்துத் தெரிந்துகொண்டாய் என்று குடைந்தெடுக்கும். இரண்டு மூன்று வருடம் இப்படி ஊட்டினால் அது அந்த வக்கீல் மாதிரியே யோசிக்கப் பழகிவிடும். நீதிமன்றத்தில் வாதாடவும் செய்யும். பக்கத்தில் கறுப்பு அங்கியோடு ஓர் உயிருள்ள ஆள் நிற்க வேண்டும் என்பது மட்டும் சட்டம். குழலி ஒன்பது வருடமாக ஒரு நாள் தவறாமல் ஊட்டியிருந்தாள்.

கூட்டம் முடிந்ததும் கோமளீஸ்வரன் வேலையைப் பிரித்துக் கொடுத்தார். வியாழக்கிழமை சேவியர் வழக்கில் இறுதி வாதத்துக்கு ஹரிநந்தன் நிற்பான். குழலி பக்கத்துக் கோர்ட்டில் வேறொரு வழக்குக்கு வாய்தா வாங்க வேண்டும்.

"இந்தக் கேஸ நாலு மாசமா நான்தான் சார் பார்க்கறேன்" என்றாள் குழலி.

"யாரு இல்லேன்னா? ஆனா வாய்தான்னா பொம்பளப் பிள்ளைங்க போய்க் கேட்டாத்தான் ஜட்ஜ் திட்ட மாட்டாரும்மா."

அந்த அலுவலகத்தில் இது எழுதாத சட்டம். மனிதன் செவ்வாயில் உருளைக்கிழங்கு போட்டு எடுத்துவிட்டான், வாய்தாவை மட்டும் ஒழிக்க முடியவில்லை. அதை வாங்குவதற்கென்றே ஆறு பெண் வக்கீல்கள் அங்கே இருந்தார்கள். நீதிபதிகளில் பாதிப்பேர் பெண்கள் என்ற செய்தி கோமளீஸ்வரன் காதுக்கு இன்னும் எட்டவில்லை போலும்.

அன்று ராத்திரி தோசை வார்த்துக்கொண்டிருந்த கணவன் இசக்கிமுத்துவிடம் குழலி, "போயிரவா?" என்றாள்.

"ரெண்டு வருசமா இதத்தான் கேக்க. அஞ்சு வருசம் கோர்ட்டுக்குப் போவாம இருக்க முடியுமா ஒன்னால? அதுக்கு மொதல்ல பதில் சொல்லு."

அவன் பள்ளிக்கூட ஆசிரியன். கேள்வியைச் சரியான இடத்தில்தான் வைத்தான். ஐந்து வருடம் என்பது ஒரு மூளை விதி. மதிநிழல் புதிதாக வந்த காலத்தில் ஒரு வக்கீல் அலுவலகம் மாறினார். பழைய அலுவலகத்தில் அவருடைய நிழல் இருந்தது. ஒரே வழக்கில் அவர் இந்தப் பக்கம், நிழல் அந்தப் பக்கம். இவர் என்ன சொல்வார் என்று அதற்குத் தெரியும், அது என்ன சொல்லும் என்று இவருக்குத் தெரியும். பதினாலு மாதம் இழுத்தது, நீதிபதிதான் களைத்துப்போனார். ஒரு மூளை ஒரே வழக்கில் இரண்டு பக்கம் நிற்கக்கூடாது என்று அதற்குப் பிறகு வந்த விதி இது: நிழல் யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவர் வேலையை விட்டால், நிழல் அலுவலகத்துக்கு. ஆள் ஒரு நிழலுக்கு ஐந்து வருடம் எந்த நீதிமன்றத்திலும் ஏறக்கூடாது.

குழலிக்கு வயது முப்பத்தெட்டு. ஐந்து வருடம் கோர்ட்டில் நிற்காத வக்கீலை யார் தேடி வருவார்கள்? இருந்தால் மானம் போகிறது, போனால் தொழில் போகிறது. இரண்டு வருடமாக அவளை அங்கே கட்டிப்போட்டிருந்தது இதுதான்.

"நாளைக்கு என் நிழலோட பதிவு நகலை வாங்கிப் பார்க்கறேன்" என்றாள். எதையும் நகல் பார்க்காமல் நம்பக்கூடாது என்று கட்சிக்காரர்களுக்கெல்லாம் சொல்லுவாள். சேர்ந்த அன்று தனக்கு நீட்டிய பதினேழு தாள்களில் மட்டும் படிக்காமலே கையெழுத்துப் போட்டிருந்தாள்.

உயர் நீதிமன்ற வளாகத்திலேயே இருந்தது மதிநிழல் பதிவகம். எழுத்தர் மகபூப் பாஷா இரண்டு தடவை தேடிவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"உங்க பேர்ல ஒண்ணும் இல்லியே மேடம்."

"ஒன்பது வருஷமா ஊட்டியிருக்கேன். சரியாப் பாருங்க."

"பேரை வுடுங்க. சிந்தனை ரேகைய வெச்சுத் தேடிடலாம். இது சும்மா தேடறதுக்குத்தான், ஏட்டுல ஏறாது. ஏறணும்னா நீங்க புகார் எழுதிக் குடுக்கணும்."

கருவி பத்துக் கேள்வி கேட்டது. குழலி பதில் சொன்னாள். திரையில் ஒரு பதிவு வந்து நின்றது. நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பொருத்தம். உரிமையாளர்: ஹரிநந்தன். இது அவருடைய சொந்த மூளையின் நிழல்தான் என்று சத்தியம் செய்து கோமளீஸ்வரன் போட்ட பிரமாணப் பத்திரமும் கூடவே இருந்தது.

"இவர் பேர்ல மூணு இருக்கு மேடம்" என்றார் பாஷா. "ஒரு மண்டைக்கு மூணு நிழல். பெரிய மண்டைதான்."

குழலிக்குச் சிரிப்பு வரவில்லை. வெளியே வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, போகிறவர் வருகிறவர் பார்க்கவே அழுதாள். வாதத்தைத் திருடியது பழைய கதை. இவர்கள் அவளையே முழுசாக எடுத்து மாற்றான் பெயரில் எழுதி வைத்திருந்தார்கள். உடனே உள்ளே போய்ப் புகார் எழுதிக் கொடுத்துவிட வேண்டும் என்று எழுந்தாள்.

கதவருகே போனவள் நின்றாள். அழுகையை மீறி அவளுக்குள் இருந்த வக்கீல் விழித்துக்கொண்டாள். புகார் கொடுத்தால் ஜெயிப்பாள், சந்தேகமே இல்லை. நிழல் அவள் பெயருக்கு வரும். வந்த அன்றே ஒரு மூளை விதியும் அவள் மேல் ஏறி உட்காரும். புகார் கொடுக்காவிட்டால் சட்டத்தின் கண்ணில் அவளுக்கு நிழலே கிடையாது. நாளைக் காலையில் எந்தக் கோர்ட்டிலும் ஏறலாம். பதிலுக்கு ஒன்பது வருட உழைப்பும் ஹரிநந்தன் பெயரிலேயே கிடக்கும்.

பெயர் வேண்டுமா, கோர்ட் வேண்டுமா? முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து ஒரு நகலை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் ராஜினாமாக் கடிதத்தைப் படித்த கோமளீஸ்வரன் சிரித்தார். "கோச்சுக்காதம்மா. அஞ்சு வருஷம் வீட்ல உட்கார்ந்து என்ன பண்ணப்போற?"

"திங்கட்கிழமை கோர்ட்டுக்குப் போறேன் சார். என் பேர்ல நிழல் இல்லியே."

நகலை மேசையில் வைத்தாள். அவர் அதைத் தொடவில்லை. முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது.

"ஏன் சார் அப்படி எழுதினீங்க?"

"தப்பா எடுத்துக்காத குழலி. பொம்பளைங்க கல்யாணம், குழந்தைன்னு எப்ப வேணா போயிருவீங்க. நிழலாவது நிலைச்சு நிக்கற ஒரு பேர்ல இருக்கட்டும்னுதான்..."

"சரியாத்தான் கணிச்சிருக்கீங்க. போறேன்."

அவள் எழுந்தபோதுதான் மனிதருக்கு விஷயத்தின் முழு அகலமும் புரிந்தது. இது அவளுடைய நிழல் என்று சொல்லித் தடுக்கப் போனால், பொய்ச் சத்தியம் செய்ததற்கு முதலில் அவர் உள்ளே போக வேண்டும். அவள் தானாகக் கையெழுத்துப் போட்டால் மட்டும் பெயரைச் சத்தமில்லாமல் மாற்றலாம்.

"உட்காரும்மா, உட்காரு" என்றார் அவசரமாக. இவ்வளவு மரியாதையாக அந்த அறையில் அவளை யாரும் உட்காரச் சொன்னதில்லை. "எழுத்துப் பிழைன்னு சொல்லி உன் பேருக்கே மாத்திடலாம். இதுவரைக்கும் அது ஜெயிச்ச நூத்திப் பதினாலு கேசும் உன் பேருக்கு வரும். வாசல் போர்டுல என் பேருக்குக் கீழ உன் பேரு. பங்குதாரர். இன்னிக்கே போடலாம்."

குழலியின் மனம் தடுமாறியது, பொய் சொல்வானேன்? நூற்றுப் பதினாலு வழக்கு. ஒவ்வொன்றும் எந்த ஊர், எந்தச் சாட்சி என்று அவளுக்குத் தெரியும். பதினோரு வருடமாக அவள் ஏங்கியது இதற்குத்தான். கொடுக்க வேண்டிய காலத்தில் ஒரு வரி பாராட்டுக் கொடுத்திருந்தால் ஆயுசுக்கும் அங்கேயே கிடந்திருப்பாள். இப்போது அவர் பெயரை நீட்டுவது அவளைப் பூட்டி வைக்க.

"வேண்டாம் சார். அது ஹரிநந்தன் பேர்லயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

படியிறங்கும் முன் கூட வேலை பார்த்த பெண் வக்கீல்கள் ரெஜினாவிடமும் வஹிதாவிடமும் மற்ற மூன்று பேரிடமும், "போய் உங்க நகலைப் பாருங்கடி" என்று ஒரே வார்த்தைதான் சொன்னாள். பார்த்தார்கள். ஆறு பெண்களின் நிழலும் யாராவது ஓர் ஆணின் பெயரில் இருந்தது. ஒரு மாதத்துக்குள் ஆறு பேரும் தம்பு செட்டித் தெருவில் ஒரு மாடியைப் பிடித்துப் பலகை மாட்டிவிட்டார்கள். பழைய அலுவலகத்தில் ஆண்கள் அத்தனை பேரும் அப்படியே இருந்தார்கள். விசுவாசம் என்று கோமளீஸ்வரன் வெளியில் சொல்லிக்கொண்டார். ஆளுக்கு ஒன்று, இரண்டு என்று நிழல் தலையில் இருக்கும்போது அவர்கள் எங்கே போவார்கள்?

நாலாவது மாதம் ஒரு மத்தியானம் ஹரிநந்தன் மாடியேறி வந்தான். ஆள் இளைத்திருந்தான்.

"என்னால முடியல மேடம்" என்றான். "ஊட்ட ஆள் இல்லாததால நிழல் மூணும் என்னையே கேள்வி கேக்குது. பதில் தெரியலைன்னா மாமாகிட்ட குறிப்பு எழுதி அனுப்புது. எல்லார் முன்னாடியும் மாமா என்னைக் காபி வாங்கிட்டு வாடாங்கறார். நான் உங்ககிட்ட வந்துடறேன். வாய்தா வாங்கற வேலையா இருந்தாக்கூடப் பரவாயில்ல."

குழலிக்கு அவன் மேல் கோபம் வரவில்லை. "உங்க பேர்ல மூணு நிழல் இருக்கு ஹரி. நிழலுக்கு அஞ்சு வருஷம். வெளிய வந்தா பதினஞ்சு வருஷம் கோர்ட் படி ஏற முடியாது."

"அதுல ஒண்ணுகூட என்னோடது இல்லியே மேடம்!"

"அப்ப உங்களோடது இல்லேன்னு மட்டும் புகார் எழுதிக் குடுங்க."

"குடுத்தா மாமா ஜெயிலுக்குப் போவார். அம்மா என்னை வீட்டுக்குள்ள விட மாட்டாங்க." பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டான். "அந்த நிழலுக்குச் சொந்தக்காரங்க நீங்க மூணு பேரும் கையெழுத்துப் போட்டுப் பேரை மாத்திக்கிட்டா என்ன மேடம்?"

"போட்டா நாங்க அஞ்சு வருஷம் வீட்ல உட்காரணும். மாட்டோம்."

"அப்ப விதியே தப்புன்னு கேஸ் போட்டா? ஒருத்தன் பேர்ல யாரோ எழுதி வெச்சதுக்கு அவன் ஏன் மாட்டிக்கணும்?"

"நியாயமான கேள்வி" என்றாள் குழலி. மனதாரத்தான் சொன்னாள். "நானே உங்களுக்காக வாதாடறேன், பீஸ் வேண்டாம். ஆனா உங்க மாமா சும்மா விட மாட்டார், ஆபீஸ்லயே நல்ல ஆளாப் பார்த்து எதிர்ல நிறுத்துவார். அது யாருன்னு யோசிச்சுக்கிட்டு வந்து சொல்லுங்க."

ஹரிநந்தன் யோசித்தான். மாமாவின் அலுவலகத்தில் மிச்சமிருந்த ஒரே நல்ல வக்கீல், நூற்றுப் பதினாலு வழக்கு ஜெயித்தவன், பதிவேட்டின்படி, அவன்தான்.