ராக்காயி உட்கார்ந்த இடம்

இரண்டு மழைக்காலம் நனைந்து, கூரை பறந்து, ஆடுகள் அடைந்துகிடந்த அந்த அறைக்குள் வெடிமருந்து வாசம் இப்போதுதான் கொட்டிப் பரப்பியதுபோல் புதிதாக இருந்தது. முத்துப்பேச்சி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"இங்கன மருந்து வாசம் அடிக்குதுல்ல?"

"ஆட்டுப் புழுக்கை வாசந்தான் அடிக்குது," என்றான் அவள் புருசன் மணிமுத்து. "உள்ள போ. அவுக கூப்புடுறாக பாரு."

எம். புதுப்பட்டிக்கு வெளியே, விபத்துக்குப் பிறகு கைவிடப்பட்ட அந்தப் பட்டாசுக் கம்பெனியில் பேய்ப்படம் எடுக்கச் சென்னையிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். வெடியில் செத்தவள் ஒருத்தி உச்சிவேளையில் திரும்பி வந்து வேலைபார்ப்பதாக ஊர் நம்புகிறது. பேயெல்லாம் இல்லை, பிழைத்தவளின் மனசுதான் அப்படிக் காட்டுகிறது என்று கடைசியில் ஒரு டாக்டர் விளக்குகிறார். இதுதான் படத்தின் கதை. பேயாக நடிக்க முத்துப்பேச்சியைக் கேட்டார்கள். கழுத்திலிருந்து இடதுகை விரல்வரை வெந்து சுருங்கியிருந்த அவளுக்கு மேக்கப்பே தேவைப்படவில்லை.

அதில் அவளுக்குக் கோபமும் வரவில்லை. இதே அறையில், பக்கத்தில் உட்கார்ந்து திரி சொருகிக்கொண்டிருந்த தங்கச்சி ராக்காயி கருகிப்போன அன்றைக்கும் அவளுக்கு அழுகை வரவில்லை. வெந்த தோலில் ஊசியை ஏற்றினாலும் தெரியாது. உள்ளேயும் அப்படித்தான் மரத்துக் கிடந்தது.

சுவரைப் பார்த்து உட்காரச் சொன்னார் டைரக்டர்.

"அங்கன வேண்டாம்யா. அது என் தங்கச்சி உக்காந்த எடம்."

"வெளிச்சம் அங்கதாம்மா விழுது. நான் சொன்னதும் மெதுவா திரும்பிப் பாருங்க. முகத்துல ஒண்ணுமே இருக்கக் கூடாது."

"எனக்கு ஒண்ணும் இருக்காதுய்யா," என்று உட்கார்ந்தாள்.

வெளியே ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்தது. கூரையில் மிச்சமிருந்த தகரம் வெயிலில் படபடத்தது. வேலிக்கருவைக் காட்டுக்குள்ளிருந்து அனல் காற்று வந்து முதுகில் மோத, நல்ல பக்கத்தில் மட்டும் வேர்வை ஊர்ந்து இறங்குவதை அவள் யாருக்கோ நடப்பதுபோல் உணர்ந்துகொண்டிருந்தாள். பிறகு எல்லாச் சத்தமும் ஒருசேர அடங்கியது. தகரம்கூட.

இடது தோளில் ஒரு விரல் பட்டது.

வெந்த தோள். எதுவுமே எட்டாத தோள். தெரிந்தது. சூடாக.

விரல்கள் மேலேறி அவள் கூந்தலை அள்ளின. மருந்து அப்பிய, சொரசொரத்த விரல்கள். மூன்றாகப் பிரித்தன. பின்னத் தொடங்கின. வேலைக்குக் கிளம்பும்போது ராக்காயி அவளுக்கு இப்படித்தான், காது இழுபட, இறுக்கிப் பின்னுவாள்.

"இப்ப திரும்புங்கம்மா."

திரும்ப முடியவில்லை. கழுத்து அசையவில்லை. அவள் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அய்யோ, அருமை!" டைரக்டர் கைதட்டினார். "அந்தப் பார்வை போதும்மா. ஓக்கே!"

அவள் திரும்பவே இல்லை.

விளக்குகள் அணைந்தன. ஒயர்களைச் சுருட்டும் சத்தம். காலடிகள். வாசலிலிருந்து மணிமுத்து கூப்பிட்டான்.

"ஏ பேச்சி, வா போவோம்."

"இந்தா வாரேன்."

அவள் குரல்தான். அவள் வாயைத் திறக்கவில்லை.

முதுகுக்குப் பின்னால் வளையல் குலுங்கியது. வாசல்பக்கம் நகர்ந்தது. சுவரின் விரிசல் வழியே தெரிந்த வெயிலில் மணிமுத்து வண்டியை உதைத்துக் கிளப்பினான். அவள் சேலையைக் கட்டிய, அவளைப்போலவே இடதுகை வெந்து சுருங்கிய ஒருத்தி அவன் பின்னால் ஏறி உட்கார்ந்து, அவன் முதுகில் முகத்தைப் புதைத்து விம்மி விம்மி அழுதாள்.

"அழுகுறியா? அழு புள்ள, நல்லா அழு," என்றான் மணிமுத்து. அவனுக்கும் குரல் உடைந்தது. "இம்புட்டு நாளாச்சு நீ அழ."

கத்த நினைத்தாள். நாக்கு எழவில்லை. வண்டி புழுதிக்குள் மறைந்தது. வேனும் போனது.

கூந்தலில் இருந்த விரல்கள் மட்டும் போகவில்லை. பின்னி முடித்தன. நுனியில் முடிச்சுப் போட்டன. ஒருகணம் ஒன்றுமில்லை. பிறகு அவள் தாடையைப் பிடித்தன.

மெல்ல.

தன் பக்கமாக.