மந்திரித்த வேன்

வேன் வீட்டில் இல்லை. ஆனாலும் அதன் பிரேக் கத்தும் சத்தம் போர்ச்சிலிருந்து கேட்டது.

மாலை ஆறரை மணி இருக்கும். செலினா சமையலறையில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். தங்கா பத்து கடல் பக்கத்திலிருந்து மதியமே திரண்டு வந்த மழை கூரையில் இரைந்துகொண்டிருக்க, வாய்க்காலில் தவளைகள் ஓயாமல் கத்த, பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியில் யாரோ மலாயில் செய்தி வாசிக்க, அடுப்பில் ரசம் மிளகு வாசனையோடு நுரை கட்டிக்கொண்டிருக்க, இத்தனைக்கும் நடுவே அந்தச் சத்தம் தனியாக நுழைந்து வந்தது. இரும்பு இரும்பை உரசும் மெல்லிய கீச்சு. கேட்டுக்கு முன்னால் வேன் நிற்கும்போது வருமே, அதே நீளம், கடைசியில் சற்றே மேலேறி முடிகிற அதே முடிவு.

கணவனும் மகளும் சீக்கிரமே வந்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று கையைத் துடைத்துக்கொண்டு போய்ப் பார்த்தாள். போர்ச்சில் எண்ணெய்க் கறை இருந்தது, மழைச்சாரல் இருந்தது, ஜெனட்டின் பழைய சைக்கிள் இருந்தது. வேன் இல்லை. கேட் அவள் பூட்டியபடியே பூட்டிக் கிடந்தது. ஆனால் எங்கிருந்தோ கருகல் வாசனை வந்துகொண்டிருந்தது. ரசம் அடிப்பிடித்துவிட்டதோ என்று திரும்பி ஓடினாள். ரசம் நன்றாகத்தான் இருந்தது.

அவளுக்கு முதலில் வந்தது பயம் இல்லை, குழப்பம்தான். அந்தச் சத்தம் நின்று இரண்டு மாதம் ஆகிவிட்டது. ஆண்டவர் நிறுத்திவிட்டார் என்று செபக்கூட்டத்தில் எழுந்து நின்று சாட்சி சொன்னவளே அவள்தான்.

அந்த வேன்தான் அவர்களுக்குச் சோறு. காலையில் செலினா பதினொரு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பாச்சாங்கில் இருக்கும் பள்ளிக்கு ஓட்டுவாள். சாயங்காலம் அவள் கணவன் கிளாரன்ஸ், புக்கிட் ரம்பாய் தொழிற்சாலையில் வேலை முடிந்து வரும் பெண்களை வீடுவீடாகக் கொண்டுபோய் விடுவான். பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் மகள் ஜெனட்டும் அங்கேதான் தற்காலிக வேலைக்குப் போகிறாள். எல்லாரையும் இறக்கிவிட்ட பிறகு அப்பாவும் மகளும், கீழே கால்வாய் ஓரமாக வளையும் மேட்டுச் சாலையில் இறங்கி, கடைசியாக வீடு வந்து சேர்வார்கள்.

பிரேக் கத்தத் தொடங்கியபோதே பாச்சாங் ஒர்க்‌ஷாப்பில் வீராசாமி அண்ணன் புதுப் பிரேக் பேடு ஒன்றை எடுத்து அவளிடம் காட்டினார். அதன் ஓரத்தில் சின்ன விரல் அளவுக்கு வளைந்த தகடு ஒன்று இருந்தது.

"இது எதுக்குன்னு தெரியுமா தங்கச்சி? பேடு தேஞ்சு போச்சுன்னா இந்தத் தகடு போயி டிஸ்க்குல ஒரசும், கத்தும். மனுசனுக்குச் சொல்றதுக்குன்னே வச்சிருக்கான். கத்துதுன்னா தள்ளிப் போடக் கூடாது லா."

"அடுத்த வாரம் கொண்டாறேண்ணே" என்றான் கூட வந்திருந்த கிளாரன்ஸ். அவனுக்கு எல்லாமே அடுத்த வாரம்தான். கல்யாணம் ஒன்றைத்தான் சொன்ன தேதியில் செய்துகொண்டான். அடுத்த வாரத்துக்குப் பின்னால் இன்னொரு அடுத்த வாரம் வந்தது. இடையில் கோயில் திருவிழா வந்துவிட்டது.

வருசா வருசம் திருவிழாப் பூசை முடிந்ததும் வண்டிகளை எல்லாம் கோயில் வளாகத்தில் வரிசையாக நிறுத்துவார்கள். ஃபாதர் ஒவ்வொன்றாகத் தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார். அன்று பாட்டுக் குழுவுக்காக செலினாவும் ஜெனட்டும் விடிகாலையிலேயே அருளம்மாள் ஆண்டியின் காரில் போய்விட்டார்கள். கிளாரன்ஸ் மட்டும் பின்னால் வேனைக் கொண்டுவந்தான். மந்திரித்து முடித்து வீடு திரும்பும்போதுதான் செலினா கவனித்தாள். முதல் சிக்னலில் சத்தம் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. தாமான் குடியிருப்பின் நுழைவில், கேட்டில், எங்கேயும் இல்லை.

"ஏங்க, சத்தம் நின்னுருச்சு பாத்தீங்களா?"

"ம்" என்றான் கிளாரன்ஸ். சாலையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த வெள்ளிக்கிழமை அருளம்மாள் ஆண்டி வீட்டுச் செபக்கூட்டத்தில் அவள் கண் கலங்கச் சாட்சி சொன்னாள். எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். கிளாரன்ஸ் மூலையில் உட்கார்ந்து தட்டிலிருந்த கோயாப் பலகாரத்தைக் குனிந்தபடியே தின்றுகொண்டிருந்தான். பக்தியில் பேச்சு வரவில்லை என்று அவள் நினைத்தாள்.

போன வாரம் அவள் ஓட்டும்போது பிரேக் பெடல் இரண்டு விரல் அதிகமாக உள்ளே போனது. அழுத்தும்போது அரிசியில் கல் கடிபடுவதுபோல ஒரு நறநறப்பு செருப்பைத் தாண்டிப் பாதத்துக்கு ஏறியது. கேட்டதற்கு, "மழைல மண்ணு பூந்திருக்கும் லா, ஓட ஓடச் சரியாயிரும்" என்றான். புருசன் சொன்னால் நம்பத்தானே வேண்டும்? நம்பினாள்.

சத்தம் மறுபடியும் கேட்டது.

இந்த முறை வெளியே இல்லை. வீட்டுக்குள். சமையலறைக்குப் பின்னால் சாமான் போட்டு வைக்கும் சின்ன அறையிலிருந்து வந்தது. செலினா அடுப்பை அணைத்தாள். மழை கொஞ்சம் குறைந்திருந்ததால் அந்தக் கீச்சு இன்னும் தெளிவாக, பக்கத்தில் நின்று யாரோ பல்லைக் கடிப்பதுபோல வந்தது. அறைக் கதவைத் திறந்தாள். பழைய பாய்களின் ஈர வாசனை. அதற்கு மேலே அந்தக் கருகல். விளக்கைப் போட்டதும் சத்தம் அடங்கிவிட்டது.

அலமாரித் தட்டின் மேல் கிளாரன்ஸ் ஆணியும் திருகாணியும் போட்டு வைக்கும் பிஸ்கட் டின் மட்டும் மெல்ல அதிர்ந்துகொண்டிருந்தது.

எடுத்தாள். டின் சுட்டது. மூடியைத் திறந்து கிளறினாள். ஆணிகளுக்கு அடியில், திருவிழா நோட்டீஸில் மடித்து வைத்திருந்த பொட்டலம் ஒன்று கைக்குத் தட்டுப்பட்டது. உள்ளே வளைந்த சின்னத் தகடுகள் இருந்தன, சின்ன விரல் அளவு. குறடு கடித்த பல் தடம் ஒவ்வொன்றிலும் பளிச்சென்று தெரிந்தது.

வீராசாமி அண்ணனுக்குப் போன் செய்தாள்.

"அண்ணே, செலினா பேசறேன். அவரு பேடு மாத்த ஒங்ககிட்ட வந்தாரா?"

"எங்க வந்தாரு? ரெண்டு மாசமா எட்டிக்கூடப் பாக்கல. ஏன் தங்கச்சி, இன்னும் கத்துதா?"

"கத்தல. அந்தத் தகட்ட ஒடிச்சு வச்சிருக்காரு."

அவர் குரல் மாறியது. "வண்டிய எங்க இருக்கோ அங்கயே நிறுத்தச் சொல்லு. அந்த மேட்டுல மட்டும் எறங்க வேணாம்னு சொல்லு."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். கிளாரன்ஸ் சோறு போட்டவளிடமே மறைத்திருக்கிறான். அவள் சாட்சி சொன்னதை உட்கார்ந்து கேட்டிருக்கிறான். மறுநாளிலிருந்து தினமும் காலையில் பதினொரு பிள்ளைகளை அவள் வண்டியில் ஏற்றும்போது, கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டு கை காட்டியிருக்கிறான். எதிரி செய்தால் தாங்கிக்கொள்ளலாம். பக்கத்தில் படுத்துத் தூங்குகிறவன் செய்தால் எங்கே போய்ச் சொல்வது?

கிளாரன்ஸ் போனை எடுக்கவில்லை. ஜெனட் எடுத்தாள்.

"ஆங் அம்மா. கடைசி ஆள எறக்கிட்டோம். மேட்டுக்கு வந்துட்டோம்."

"அப்பாவ நிறுத்தச் சொல்லு. எறங்கு ஜெனட். பிரேக் இல்ல."

மழை இரைச்சல். ஜெனட் எதையோ சொல்வது கேட்டது. அதற்குப் பின்னால் கிளாரன்ஸின் குரல், சிரித்தாற்போல: "அம்மாவுக்கு வேற வேல இல்ல. மெதுவா எறங்கிக் காட்டறேன் பாரு."

தொடர்பு அறுந்தது.

மறுபடி அடித்தாள். மறுபடியும். மணி ஏழரை ஆனது. தகடுகளையும் கேட் சாவியையும் ஒரே கையில் இறுக்கிக்கொண்டு போர்ச்சில் நின்றாள். மகள் இறங்கினாளா இல்லையா. அது ஒன்றுதான் மண்டைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. மழை நின்றுவிட்டது. தவளைகளும் நின்றுவிட்டன. சாலை விளக்கின் கீழே ஒரு வண்டியும் வரவில்லை.

பின்னால் நாற்காலி இழுபடும் சத்தம்.

திரும்பினாள்.

சாப்பாட்டு மேசையில் கிளாரன்ஸ் உட்கார்ந்திருந்தான். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. இடது காலில் செருப்பு இருந்தது. வலது காலில் இல்லை.

கேட் பூட்டியிருந்தது. சாவி அவள் கையில் இருந்தது.

"ஜெனட் எங்க?"

அவன் மேசையையே பார்த்தான்.

"ஜெனட் எங்கங்க?"

"எறங்கிட்டா."

மூச்சு வந்தது. மூச்சோடு கோபமும் வந்தது. பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது. தகடுகளை அவன் முன்னால் மேசைமேல் வீசினாள்.

"ஏன் இப்படிப் பண்ணீங்க?"

"ஃபாதர் தீர்த்தம் தெளிக்கிறப்ப ஊரு முன்னால கத்துமேன்னு வெக்கமா இருந்துச்சு. ஒரு நாளைக்குத்தான்னு நெனச்சேன்."

"அப்பறமாச்சும் சொல்லியிருக்கலாம்ல."

"நீ சாட்சி சொல்லிட்டியே செலினா. அதுக்கப்பறம் எப்படிச் சொல்றது?"

இப்போதும் பழி அவள் மடியில்தான் விழுந்தது. "பதினோரு பிள்ளைங்க" என்றாள் அவள். "தெனமும். நானும். ஒங்க பொண்ணும்."

அப்போதுதான் அவள் அவன் காலைப் பார்த்தாள். வெறும் வலது கால், முழங்கால் விறைக்க, தரையை அழுத்திக்கொண்டிருந்தது. எடுத்தது. அழுத்தியது. எடுத்தது. அழுத்தியது. குதிகால் பட்ட இடத்தில் சிமெண்டு கறுத்துப்போயிருந்தது. கருகல் வாசனை அங்கிருந்துதான் வந்தது.

"நிக்க மாட்டேங்குது" என்றான்.

போன் அடித்தது. ஜெனட்.

"அம்மா." அழுது அழுது குரல் கம்மியிருந்தது. "என்ன பஸ் ஸ்டாப்புல எறக்கிட்டு அப்பா மட்டும் போனாரும்மா. நிக்கவே இல்ல. கீழ வளைவுல, கால்வாய்க்குள்ள. பொம்பா தீயணைப்பு ஆளுங்க வேன வெட்டிக்கிட்டு இருக்காங்க. கால் பெடல்ல மாட்டியிருக்காம். அப்பாவ எடுக்க முடியல. அப்பா பேச மாட்டேங்கறாரும்மா. அம்மா? அம்மா, கேக்குதா?"

கேட்டது.

மேசைக்கு அடியில் கால் அழுத்தியது. எடுத்தது. அழுத்தியது. செலினாவின் வலது காலும் அவளைக் கேட்காமலே தரையை அழுத்தியது.

கிளாரன்ஸ் தலையைத் தூக்கினான். அவளிடம் ஏதோ சொல்ல வந்தான். வாய் திறந்தது.

பேச்சு வரவில்லை. அந்தச் சத்தம்தான் வந்தது. இரண்டு மாதம் அடக்கி வைத்த கீச்சு. இரும்பை இரும்பு உரசி, நீண்டு, மேலேறி, முடிய வேண்டிய இடத்துக்கு வந்தது.

முடியவில்லை.