மாடியிலேயே இருக்கட்டும்

"யோவ்... கண்ணு தெரியல?"

கத்தியது சாட்சாத் லுப்னா டீச்சர்தான். பள்ளி திறந்த முதல் நாள், கஞ்சி போட்ட புதுப் புடவை, திருவொற்றியூரில் யாரும் எதிர்பார்க்காத ஜூன் மழை... மாடிப்படி வளைவில் ஒருத்தன் தடதடவென்று ஏறி வந்து இடித்ததில், கையிலிருந்த சாக்பீஸ் டப்பா உருண்டு கீழ்ப்படி வரைக்கும் போய்விட்டது. கோபம் வராதா பின்னே?

"கண்ணு நல்லாத்தான் தெரியுது டீச்சர். முதுகுல புள்ள கீது... சடன் பிரேக் போட முடியல."

அவன் முதுகிலிருந்து ஒரு சிறுமி எட்டிப் பார்த்தாள். இறுகி வளைந்த விரல்களால் அவன் காலரைப் பிடித்திருந்தாள். "மா...மு... சாரி... சொல்லு."

"சாரி டீச்சர். இவ உமைமா, எங்க அக்கா பொண்ணு. உங்க நாலாங் கிளாஸ்தான். என் பேரு தவ்ஃபீக். கண்டெய்னர் வண்டி ஓட்டறேன். அதான் திரும்ப கொஞ்சம் எடம் ஜாஸ்தி தேவப்படுது!"

லுப்னாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டு நிமிர்ந்தால்... மழைத்தண்ணீர் சொட்டும் இமைகள், அவற்றுக்குக் கீழே குறும்பாக இரண்டு கண்கள். சே, ஆம்பளைக்கு எதுக்கு இவ்ளோ நீள இமை!

உமைமாவுக்குப் பிறவியிலேயே மூளை முடக்குவாதம். கால்கள் நிற்காது, கைகள் சொன்ன பேச்சு கேட்காது, வார்த்தை வெளியே வர நேரமாகும். அறிவுக்கு மட்டும் ஒரு குறைச்சலும் இல்லை. போன வருஷம் வரை இருந்த டீச்சர்கள், 'எப்படியும் பாஸ் போடப் போறோம்' என்று அவளிடம் கேள்வியே கேட்காமல் விட்டிருந்தார்கள். லுப்னா கேட்டாள். கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். மொத்த வகுப்பையும் காத்திருக்கப் பழக்கினாள். பதில் மெதுவாக வரும்... பெரும்பாலும் சரியாகவே வரும்.

நல்ல டீச்சர்தான் அவள். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், கொஞ்ச நேரத்தில் நீங்கள் அவளைத் திட்டப் போகிறீர்கள்.

அந்த வாரமே தலைமை ஆசிரியை ரோசி சிஸ்டர் கூப்பிட்டுக் கேட்டார். "லுப்னா, அந்தக் குழந்தைக்காக உன் கிளாஸைக் கீழே மாத்திடலாமா? ரெண்டாம் கிளாஸ் மேலே போகட்டும். டாய்லெட்டும் கீழேதானே இருக்கு... நீ ஒரு வார்த்தை சொன்னா போதும்."

"யோசிச்சு சொல்றேன் சிஸ்டர்" என்றாள்.

யோசித்தாள். கீழே வந்துவிட்டால்? கேட்டிலேயே பள்ளிச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்துவிட்டால் ஆயா தள்ளிக்கொண்டு போய்விடுவாள். அவன் படியேற வேண்டியதே இல்லை. காலையில் அந்தப் படி வளைவு... சாயங்காலம் மறுபடியும் அந்தப் படி வளைவு...

"மாடியிலேயே இருக்கட்டும் சிஸ்டர். மேலே காத்து நல்லா வருது."

காத்தாம் காத்து!

அதற்கப்புறம் தினமும் அதே கூத்துதான். துறைமுகத்துக்குப் போகும் வண்டிகள் எண்ணூர் ரோட்டில் மைல் கணக்கில் வரிசை கட்டி நிற்கும். தவ்ஃபீக் தன் வண்டியைச் சிநேகிதனிடம் ஒப்படைத்துவிட்டு பைக்கில் பறந்து வருவான்.

"இன்னா டீச்சர், இன்னிக்கும் படிலயே நிக்கறீங்க? கிளாஸ் ரூம்ல நாற்காலி போடலையா?"

"பசங்க ஓடிப் பிடிச்சு விழுந்துடுவாங்க... அதான் பார்த்துக்கறேன்."

"பசங்க எல்லாம் உள்ள கீறாங்களே!"

லுப்னாவின் முகம் சிவக்கும். முதுகிலிருக்கும் உமைமா அவன் தோளில் முகத்தைப் புதைத்துச் சிரிப்பாள். ஒரு ஈரமான காலையில் லுப்னாவின் முந்தானை நுனி அவன் வாட்ச்சில் மாட்டிக்கொண்டது. எடுத்துவிட இரண்டு பேருமே அவசரப்படவில்லை.

உமைமாவின் தண்ணீர் பாட்டில் மட்டும் வந்தபடியே திரும்பிப் போகும். "தாகமே எடுக்காதாடி உனக்கு?" என்றால், "எடு...க்காது மிஸ்" என்பாள். லுப்னா நம்பினாள். நம்புவது வசதியாக இருந்தது.

ஐப்பசி மழையில் ஒருநாள், கணக்குப் பாடத்தின் நடுவே, உமைமா பெஞ்சிலேயே சரிந்தாள். உடம்பு அனலாய்க் கொதித்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கடுகடுத்தார். சிறுநீரில் கிருமி... நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல், ஒன்றுக்கும் போகாமல் அடக்கி அடக்கி வந்த வினை. உமைமாவின் அம்மா அஜீசுன்னிசா தலையில் அடித்துக்கொண்டாள். "போதும்! எம்புள்ள படிச்சது போதும். உசுரோட இருந்தா சரி!"

சுவரில் சாய்ந்து நின்றிருந்த தவ்ஃபீக், கூட வந்திருந்த ரோசி சிஸ்டரிடம் திரும்பினான். "ஏன் சிஸ்டர்... கீழ ஒரு ரூம் கூடவா இல்ல?"

ரோசி சிஸ்டர் லுப்னாவைப் பார்த்தார். லுப்னா தரையைப் பார்த்தாள். யா அல்லாஹ், அந்த நிமிஷம் வாயைத் திறந்திருக்கக் கூடாதா!

மறுநாளே வகுப்பு கீழே வந்தது. பிள்ளைகள் 'ஹோ'வென்று சத்தம் போட்டுக்கொண்டு பெஞ்சுகளை இறக்கினார்கள். ஒரே பீரியடில் முடிந்துவிட்டது. இவ்வளவுதானா... இவ்வளவு லேசான வேலையா? இறக்கிப் போட்ட பெஞ்சுகளுக்கு நடுவில் நின்று லுப்னா அழுதாள்.

உமைமா வரவில்லை. வாரங்கள் ஓடியும் வரவில்லை. ஒரு சனிக்கிழமை, லுப்னா எண்ணூர் ரோட்டில் வண்டி வண்டியாகத் தேடிப் போனாள். அவளைக் கண்டதும் தவ்ஃபீக் கேபினிலிருந்து குதித்து இறங்கினான்.

"இன்னா டீச்சர், இந்தப் புழுதில வந்துகினு..."

"ஜூன்லயே சிஸ்டர் கேட்டாங்க. நான்தான் மாடியிலேயே இருக்கட்டும்னு சொன்னேன்."

"ஏன்?"

"கீழ வந்துட்டா... நீங்க படியேறி வரமாட்டீங்க."

முன்னால் வண்டிகள் நகர்ந்தன. பின்னாலிருந்து ஹாரன் அலறியது. அவன் அசையவில்லை.

"அவ வயித்த புடிச்சிகினு உக்காந்து கீறா... நானு உங்கள பாக்கலாம்னு சிரிச்சிகினே படியேறி வந்துகீறேன். எனக்கும் உங்கள அவ்ளோ புடிச்சுது லுப்னா. அத நெனச்சாத்தான் பேஜாரா கீது." கண்ணைத் துடைத்துக்கொண்டான். "என்கிட்ட சொல்லி இன்னா பிரயோஜனம்? அவகிட்ட சொல்லுங்க."

எர்ணாவூரில் அவர்கள் வீட்டில், கட்டிலில் சாய்ந்திருந்த உமைமாவின் முன்னால் லுப்னா மண்டியிட்டாள். வாசலில் தவ்ஃபீக்கும், கையைக் கட்டிக்கொண்டு அஜீசுன்னிசாவும் நின்றார்கள். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். "என்னை மன்னிச்சுடுடா... உனக்கு நான் பெரிய தப்பு பண்ணிட்டேன்."

உமைமாவின் உதடுகள் அசைந்தன. வார்த்தை வரவில்லை. யாரும் அவசரப்படுத்தவில்லை.

"நானும்... சொல்லல... மிஸ்."

"என்னடா சொல்லல?"

"கீழ ரூம்... வேணும்னு. மாமு... ஊட்ல... சிரிக்கவே... சிரிக்காது. படில... மட்டும்தான்... சிரிச்சுது."

தவ்ஃபீக் முகத்தை மூடிக்கொண்டு சுவர் பக்கம் திரும்பினான். அஜீசுன்னிசாவின் கட்டிய கை தளர்ந்தது. லுப்னா அந்த வளைந்த விரல்களைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு விம்மினாள்.

உமைமா இன்னும் முடிக்கவில்லை. விரலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். முகத்தில் கோபம்... நிஜமான கோபம்.

"இனிமே... நீங்க ரெண்டு பேரும்... ரோட்ல நின்னு... பேசிக்கோங்க. நான்... கீழதான்... படிப்பேன்."