தாடைக்கட்டு

வைக்கோல் பொம்மைக்கு வாய் கிடையாது. பயிற்சி அறைக் கட்டிலில் கிடக்கும் அந்தப் பொம்மைக்குக் காடாத்துணி முகம், மையால் இழுத்த இரண்டு கண், துணியை முறுக்கித் தைத்த ஒரு மூக்கு. அதோடு தைத்தவருக்குப் பொறுமை போய்விட்டது. அதற்குச் சோலையம்மாள் என்று பேர் வைத்து, கட்டுப் போட்டுப் பழகுகிற நர்ஸ் மாணவிகள் எல்லோருக்கும் அதற்கு வாய் இல்லை என்பது தெரியும். ஆனால் அன்று மத்தியானம் ஒச்சாயி போர்வையை விலக்கியபோது, மூக்குக்குக் கீழே துணி குறுக்கே கிழிந்து, உள்ளிருந்து நாலைந்து வைக்கோல் தாள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

எலியாக இருக்கும் என்று நினைத்தாள். மதுரையில் எலிக்கா பஞ்சம். நினைத்தாளே தவிர, அந்தக் கிழிசலைத் தொடக் கை வரவில்லை.

தைப் பௌர்ணமி. வண்டியூர்த் தெப்பம் பார்க்க மாணவிகளைக் கூட்டிக்கொண்டு சிஸ்டர் ஞானப்பூ காலையிலேயே போயிருந்தார். விளக்கு வைக்கும் நேரத்துக்குத் திரும்பிவிடுவார். ஒச்சாயிக்கு மட்டும் அனுமதி இல்லை. விடிந்தால் தேர்வு. தேறியவர்கள் வார்டுக்குப் போய் நிஜ நோயாளிகளைத் தொடலாம். தேறாதவர்கள் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். மற்ற வேலையெல்லாம் அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. தாடை உடைந்தவருக்குப் போடுகிற கட்டு ஒன்றுதான் காலை வாரியது. எப்படிப் போட்டாலும் நழுவியது. "முடிச்ச மாத்தி மாத்திப் போடுறியே, ஒன் கை என்ன பேய்க்கையா?" என்று சிஸ்டர் எல்லோர் முன்னிலும் கேட்டுவிட்டார்.

பெட்டியைக் கட்டினால் உசிலம்பட்டிக்கு மேற்கே இருக்கிற ஊருக்குத்தான் போக வேண்டும். அங்கே தாய்மாமன் தவசி காத்திருந்தான். அக்கா அழகம்மாளைக் கட்டியவன். அவள் செத்த பிறகு, தங்கச்சியையும் கொடு என்று அப்பாவின் கழுத்தில் கத்தி வைக்காத குறை. அவன் கையில் சிக்குவதைவிடக் கிணறே மேல் என்று ஒச்சாயி முடிவு செய்து வைத்திருந்தாள்.

துணைக்குச் சாதிகா மட்டும் தங்கியிருந்தாள். காஜிமார் தெருவில் அத்தர் கடை வைத்திருப்பவரின் மகள், வாய் ஓயாது. "தெப்பம் எங்கிட்டுப் போயிரும், அடுத்த வருசமும் சுத்தும். நீ போயிட்டா எனக்கு யாரு தல பின்னி விடுவா?" என்று சொல்லிவிட்டுச் சன்னல் திண்டில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

ஒச்சாயி துணிச்சுருளை எடுத்தாள். பொம்மையின் கிழிசலை மூடி, மோவாய்க்கு அடியில் கொடுத்து, கன்னத்தோரமாக ஏற்றி, காதுக்கு மேலே பக்கவாட்டில் முடிச்சுப் போட்டாள். இழுத்துப் பார்த்தாள், நின்றது. ஊக்கு எடுக்க அலமாரிப் பக்கம் திரும்பினாள். தரை துடைத்த லைசால் வாடையும் பழைய வைக்கோலின் முடை நாற்றமும் கலந்து கிடந்த அந்த அறையில், பாயில் படுத்திருப்பவர் புரண்டு படுக்கிறது மாதிரி ஒரு சரசரப்பு கேட்டது. திரும்பிப் பார்த்தால் கட்டு தொளதொளத்துக் கிடக்கிறது. முடிச்சு உச்சந்தலைக்கு ஏறியிருக்கிறது.

"சாதிகா, நீ தொட்டியா?"

"நான் இங்கனல்ல உக்காந்திருக்கேன். எதத் தொட?"

உச்சந்தலை முடிச்சு பிணத்துக்குப் போடுவது. சாவுக் காரியம் எல்லாமே இடப்பக்கம் அல்லவா, அந்த முடிச்சையும் இடக்கையை முதலில் கொடுத்துத்தான் போடுவார்கள். அவள் ஜென்மத்தில் முதன்முதலாகப் போட்ட கட்டு அதுதான், அக்காவுக்கு. குழம்பு ஆறிப்போச்சு என்று ஆரம்பித்த சண்டையில், மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தவளின் கையிலிருந்து தவசி அம்மிக் குழவியைப் பிடுங்கி முகத்திலேயே இறக்கினான். ஒரு அடியோடு விடவில்லை. விழுந்து அடிபட்டாள் என்று அவன் சொன்னதை ஊரும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டது. தாடை தனியாகத் தொங்கியது. குளிப்பாட்ட வந்த பெண்கள் கிட்டே போகப் பயந்து, "கூடப் பொறந்தவ நீயே கட்டுத்தா" என்று வேட்டிக் கிழிசலை ஒச்சாயி கையில் திணித்தார்கள். கட்டினாள். தெருமுக்கு திரும்பும்போது பாடையில் அந்தக் கட்டு நழுவி, அக்காவின் வாய் நெஞ்சு வரைக்கும் திறந்துகொண்டது. தூக்கினவர்கள் நின்றார்கள். "நடங்கடா" என்றான் தவசி. நடந்தார்கள். அன்றிலிருந்து தாடையில் வேறு முடிச்சுப் போட்டாலும் அவள் கையில் நிற்கவில்லை.

சாதிகா திண்டிலிருந்து குதித்தாள். முக்காலியை இழுத்துப் போட்டு ஒச்சாயிக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள்.

"வைக்கோலோட எம்புட்டு நேரம் மல்லுக்கட்டுவ? என் மூஞ்சியில போடு."

"வேணாம் புள்ள. இது உசுரோட இருக்கவுகளுக்குப் போடுற கட்டா வர மாட்டேங்குது."

"எங்க ஊட்டுலயும் மய்யித்துக்குத் தாடையக் கட்டத்தான் செய்வாக. அதுக்காக, தாட ஒடஞ்சு வாரவன அப்படியே திருப்பி அனுப்பிருவியா? போடுடி, பசிக்குது."

வெயில் சன்னலை விட்டு இறங்கியிருந்தது. ஒச்சாயி புதுச் சுருளைப் பிரித்தாள். வலக்கை முதலில், வலக்கை முதலில் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே சாதிகாவின் மோவாயில் துணியைக் கொடுத்தாள். கன்னம் இளஞ்சூடாக இருந்தது. முதல் சுற்று ஏறியது. அப்போது லைசால் வாடை அடங்கி, அந்த இடத்தில் வேறொரு வாடை வந்தது. அம்மியில் அரைத்த மிளகாய். அதனோடு ரத்தம்.

"ஒனக்கு ஏதும் வாட அடிக்குதா?"

கட்டு சாதிகாவின் வாயை மூடியிருந்தது, எப்படிப் பதில் சொல்வாள். ஆனால் துணிக்கு அடியிலிருந்து ஈரமாக ஒரு குரல் வந்தது.

"இறுக்குத்தா."

சாதிகா அவளை ஒரு நாளும் ஆத்தா என்று கூப்பிட்டதில்லை.

"அன்னைக்கு நழுவிப்போச்சுல்ல. இறுக்கு."

விட்டுவிட நினைத்தாள். விரல் விரியவில்லை. துணி இழுபட்டது. இழுத்தது அவள் கைதான். சாதிகா விலுக்கென்று துள்ளினாள். நகம் ஒச்சாயியின் மணிக்கட்டைக் கிழித்தது. முக்காலி சாய்ந்தது. இரண்டு பேரும் தரையில் விழுந்தார்கள். ஒச்சாயியின் முழங்கால் தானாகப் போய்ச் சாதிகாவின் முதுகில் ஊன்றியது.

"இன்னும்."

இழுத்தாள். பல் ஒன்று நொறுங்கியது. இன்னொன்று. சாதிகாவின் குதிகால் தரையில் அடித்தது. அடித்தது. அடித்தது. தொண்டையில் களகளவென்று ஏதோ நிரம்பும் சத்தம். துப்ப வழியில்லை. விழுங்கவும் முடியவில்லை. ஐயோ விடு, விட்டுரு அக்கா. மனசுதான் கத்தியது. கை கேட்கவில்லை.

முருங்கைக் கொம்பு ஒடிகிற சத்தம்.

குதிகால் நின்றது.

கை மட்டும் நிற்கவில்லை. சாதிகாவை நிமிர்த்திச் சுவரோடு சாய்த்து உட்கார வைத்தது. கலைந்த துணியைச் சுருக்கமில்லாமல் நீவியது. வலம் இடத்தின் மேல், இடம் வலத்தின் மேல். காதுக்கு மேலே, பக்கவாட்டில், தட்டையாக முடிச்சு விழுந்தது. இத்தனை நாள் வராத முடிச்சு.

வாசலில் பேச்சுக்குரல், வளையல் சத்தம், மல்லிகை வாசம். தெப்பம் பார்த்துவிட்டு வந்தவர்கள் நடைக்கூடத்தில் சிரித்துக்கொண்டே போனார்கள். சிஸ்டர் ஞானப்பூ மட்டும் அரிக்கேன் விளக்கோடு உள்ளே வந்தார். இருட்டத் தொடங்கியிருந்த அறையில் வெள்ளைக் கட்டுதான் அவர் கண்ணில் முதலில் பட்டது. பக்கத்தில் வந்து, முடிச்சை விரலால் நெம்பிப் பார்த்தார். அசையவில்லை.

"இப்பத்தான் கட்டுன்னா கட்டு. இம்புட்டு நாளா எங்க ஒளிச்சு வச்சிருந்த? இதே மாதிரி நாளைக்குப் போட்டுக் காட்டு, நேரா ஆப்பரேஷன் வார்டுக்கே அனுப்புறேன். அங்க ஒடஞ்சது கிழிஞ்சதுன்னு முப்பது பேரு கெடக்கான்."

ஒச்சாயி வாயைத் திறக்கப் பார்த்தாள். தாடை கேட்கவில்லை.

"சாதிகா, எந்திரி. ஆக்டு குடுத்தது போதும்."

சாதிகா எழுந்திருக்கவில்லை. சிஸ்டர் விளக்கைத் தாழ்த்தி, அவள் முகத்தைப் பார்க்கக் குனிந்தார். குனிந்தபோது அவருடைய மோவாய், விளக்கு வெளிச்சத்தில் மஞ்சளாக, ஒச்சாயியின் மார்புக்கு நேரே வந்தது. குனியாதீங்க, ஓடுங்க, ஓடுங்க என்று ஒச்சாயி உள்ளுக்குள் கதறிக்கொண்டே இருக்க, அவளுடைய இரண்டு கைகளும் புதுச் சுருள் ஒன்றைப் பதமாகப் பிரித்து, அந்த மோவாய்க்கு அடியில் மெல்லக் கொண்டுபோயின.