ஒன்பதாவது பை

"மூணு பேர்தானா? அம்மா பின்னாடி வர்றாங்களா?" என்று கேட்டார் விமான நிலையக் கவுண்டரில் இருந்த பெண்மணி.

அப்பா அடையாள அட்டையையும் டிக்கெட்டுகளையும் எடுத்து வைத்தார். ஓபல் குனிந்து தன் ஷூவைப் பார்த்தாள்.

அவள் தம்பி, ஆறு வயது வெஸ் மட்டும், "எங்ககிட்ட ஒம்பது பை இருக்கு. நான்தான் எண்ணினேன்," என்றான்.

"அடேயப்பா! அத்தனையும் உன்னோடதா?" என்றார் அவர். அவர் சட்டையில் லூர்டஸ் என்று பெயர் குத்தியிருந்தது.

அப்பா ராணுவத்தில் இருந்தார். அவருக்கு டெக்சாஸிலிருந்து அலாஸ்காவுக்கு மாற்றல். வீட்டுச் சாமான்கள் லாரியிலும் கப்பலிலும் போய்ச் சேர இரண்டு மாதம் ஆகும். அதுவரை வேண்டியதெல்லாம் அந்த ஒன்பது பைகளில் இருந்தன. குளிர் கோட்டுகள், பூட்ஸ், அப்பாவின் சீருடைகள், ஒரு வாணலி, வெஸ்ஸின் டைனோசார்கள்.

ஒன்பதாவது பை சின்னது. ஆனால் கனமானது. அதில் அம்மாவின் பந்து இருந்தது. நீளமான மரப்பாதையில் உருட்டிவிட்டு, எதிரே நிற்கும் பத்துக் கட்டைகளைச் சாய்க்கும் பவுலிங் பந்து. ஊதா நிறம். மூன்று ஓட்டைகள். அம்மாவின் விரல்களுக்கு அளவெடுத்துத் துளைத்தவை. அப்பாவின் விரல்கள் அவற்றில் நுழையாது. ஓபலின் விரல்கள் உள்ளே ஆடும்.

அதை மட்டும் அப்பா லாரியில் ஏற்றவிடவில்லை.

"மாற்றல் ஆர்டரைக் குடுங்க சார்ஜென்ட்," என்றார் லூர்டஸ். "ஆர்டர்ல போறவங்களுக்கு பைக்குக் காசு கிடையாது. குடும்பத்துக்கும் சேத்துத்தான்."

"ஓபல், அந்தப் பச்சை ஃபைலை எடும்மா."



அவள் தோள்பையின் ஜிப்பைத் திறந்து கையை விட்டுத் துழாவினாள். ஃபைல் அதில் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். மூன்று நாளாகத் தெரியும். ஆனாலும் தேடுவதுபோலத் தேடினாள்.

*

மூன்று நாட்களுக்கு முன்பு சாமான் கட்டும் ஆட்கள் வீட்டுக்கு வந்தார்கள்.

அவர்கள் கண்ணில் பட்டதையெல்லாம் காகிதத்தில் சுற்றிப் பெட்டியில் போட்டுவிடுவார்கள். போன மாற்றலின்போது குப்பைக்கூடையைக் குப்பையோடு கட்டிவிட்டார்கள். அது வாழைப்பழத் தோலோடு ஆயிரம் மைல் பயணம் போய் வந்தது. அதனால் ராணுவ வீடுகளில் எல்லோரும் ஒன்று செய்வார்கள். கையோடு எடுத்துப்போக வேண்டியதையெல்லாம் குளியலறையில் வைத்துக் கதவை மூடி, "இங்கே தொடாதீர்கள்" என்று எழுதி ஒட்டிவிடுவார்கள்.

"இந்தக் கதவு உன் பொறுப்பு," என்று அப்பா ஓபலிடம் சொல்லியிருந்தார்.

வேறு யாரும் அந்தக் கதவைத் திறக்கவில்லை. ஓபல்தான் திறந்தாள்.

பச்சை ஃபைலுக்குள் அப்பாவின் மாற்றல் உத்தரவோடு ஒரு பழுப்பு உறையும் இருந்தது. ஓபலின் பள்ளியில் கொடுத்தது. ஒட்டி, முத்திரை குத்தி, "புதிய பள்ளியில் மட்டுமே திறக்கவும்" என்று எழுதியிருந்தது. அந்த உறை அப்பாவின் ஃபைலில் இருப்பது ஓபலுக்குப் பிடிக்கவில்லை. அதை எடுத்துத் தன் தோள்பையின் அடியில் ஒளித்துவைக்க நினைத்தாள்.

ஃபைலைச் சமையலறை மேடையில் வைத்தாள். உறையை உருவினாள். அறைக்கு ஓடித் தோள்பைக்குள் திணித்தாள். திரும்பி வந்தாள்.

மேடை காலியாக இருந்தது. தட்டு இல்லை, டம்ளர் இல்லை, ஃபைலும் இல்லை. சுவரோரம் ஒட்டிமுடித்த பெட்டிகள் கூரைவரை நின்றன.

"ஏதாவது தேடுறியா பாப்பா?" என்று கேட்டார் பெட்டி கட்டும் ஆள்.

"இல்லை," என்றாள் ஓபல்.

*

"இல்லையா?" என்றார் அப்பா.

"இ... இருந்துச்சே," என்றாள் ஓபல். சொல்லும்போதே காது சுட்டது.

அப்பா தோள்பையை வாங்கவில்லை. அவள் சொன்னதை நம்பிவிட்டார். அதுதான் இன்னும் மோசமாக இருந்தது.

"ஆர்டர் இருக்கு மேடம். இந்த மூட்டையில எங்கயோ மாட்டிக்கிச்சு," என்றார் அப்பா. "என் அட்டையைப் பாத்தீங்க இல்ல?"

"பாத்தேன். ஆனா நீங்க வேலையாப் போறீங்களா, லீவுல மீன் பிடிக்கப் போறீங்களான்னு அட்டையில எழுதலையே," என்றார் லூர்டஸ். குரலில் வருத்தம் இருந்தது. "ஆர்டரோட நகல் இருந்தாக்கூடப் போதும்."

"பத்து நகல் வெச்சிருந்தேன். வீட்டுச் சாவியைக் குடுக்குற எடத்துல ஒண்ணு, தபாலுக்கு ஒண்ணு, கார் அனுப்புற எடத்துல ரெண்டுன்னு எல்லாம் போயிடுச்சு."

அப்பா அலுவலகத்துக்குப் போன் செய்தார். அது மடக்குகிற போன். பேசலாம், வேறெதுவும் செய்ய முடியாது. ஞாயிற்றுக்கிழமை காலை. மணி அடித்துக்கொண்டே இருந்தது.

லூர்டஸ் கணக்குப் பார்த்தார். "ஒம்பது பைக்கு அறுநூத்து நாப்பது டாலர் வருது. இப்ப கட்டிட்டு ரசீது வாங்கிக்கோங்க. ராணுவத்துல திருப்பிக் குடுப்பாங்க."

"எப்ப?"

"அதை நீங்க ராணுவத்தைத்தான் கேக்கணும்."

"நான் பன்னெண்டு வருஷமா அதுலதான் இருக்கேன்," என்றார் அப்பா. "அதான் கேட்டேன்."

லூர்டஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பாவுக்கு வரவில்லை. விடுதிக்கும் கார் அனுப்பவும் கொடுத்ததுபோக அவரிடம் நான்கு பைகளுக்குத்தான் பணம் இருந்தது. அதை மெதுவாகச் சொன்னார். ஆனாலும் பின்னால் நின்றவர்களுக்குக் கேட்டது.

அகலத் தொப்பி வைத்த ஒரு பெரியவர் வரிசையிலிருந்து முன்னே வந்தார். "நாட்டுக்காக உழைக்கிறீங்க தம்பி. மிச்சத்தை நான் கட்டிடறேன்," என்று கார்டை நீட்டினார்.

"வேண்டாம் சார். ரொம்ப நன்றி."

"அட, இதுல என்ன இருக்கு!"

"வேண்டாம் சார்."

அப்பாவின் கழுத்து சிவந்தது. ஓபல் அதைப் பார்த்தாள். பார்க்காமல் இருந்திருக்கலாம் என்று நினைத்தாள்.

அப்பா பைகளை ஓரமாகத் தள்ளித் தரையில் மண்டியிட்டார். ஒன்பதை நான்காக்க ஆரம்பித்தார். எல்லோரும் பார்க்க வாணலி வெளியே வந்தது. உள்ளாடைகள் வெளியே வந்தன. வெஸ்ஸுக்கு ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று கோட்டுகள் போட்டுவிட்டார். வெஸ் கைகளை இறக்க முடியாமல் நின்றான்.

"அப்பா, எனக்கு மூக்கு அரிக்குது. கை எட்டலை."

"அக்காவைச் சொறிஞ்சுவிடச் சொல்லு."

ஓபல் சொறிந்துவிட்டாள்.

நான்கு பைகளும் பிதுங்கி நின்றன. ஊதாப் பந்து மட்டும் மிஞ்சியது. பதினாலு பவுண்டு. எந்தப் பையில் வைத்தாலும் எடை தாண்டியது.

அப்பா அதை இரண்டு கைகளாலும் தூக்கிக்கொண்டு எழுந்தார். பிறகு கவுண்டருக்குப் போனார்.

"இதை இங்க விட்டுட்டுப் போகலாமா மேடம்? உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது ஆடுவாங்கன்னா குடுத்துடுங்க."



ஓபலின் தோள்பையில் உத்தரவின் நகல் ஒன்று இருந்தது. அந்தப் பழுப்பு உறைக்குள். வருடத்தின் நடுவில் பள்ளியை விட்டுப் போவதற்கு அது வேண்டும் என்று பள்ளி அலுவலகத்தில் வாங்கி உள்ளே வைத்ததை ஓபல் பார்த்திருந்தாள். இவ்வளவு நேரமும் அது அவளுக்கு ஞாபகம் இருந்தது.

ஆனால் அந்த நகலுக்கு அடியில் ஒரு கடிதமும் இருந்தது.

போன செப்டம்பரில், புது வகுப்பில், பக்கத்தில் இருந்த பெண், "உன் அம்மா எங்க?" என்று கேட்டாள். அந்தப் பள்ளியில் பாதிப்பேருடைய அப்பாவோ அம்மாவோ போர்முனையில் இருந்தார்கள். ஓபல், "இராக்கில்," என்று சொல்லிவிட்டாள். "எப்ப வருவாங்க?" "மார்ச்சில்."

அவ்வளவுதான் சொன்னாள். ஆனால் அது வளர்ந்தது. போர்முனைக்குப் போனவர்களின் பிள்ளைகளுக்கு வெள்ளிக்கிழமைதோறும் தனி மேசையில் பீட்ஸா. ஓபலையும் உட்கார வைத்தார்கள். அம்மாவுக்குக் கடிதம் எழுதச் சொன்னார்கள். எழுதினாள். கடைசியில் வகுப்பே சேர்ந்து காலுறையும் மிட்டாயும் வாங்கி அம்மாவுக்கு ஒரு பெட்டி கட்டியது. "விலாசம் சொல்லு ஓபல்," என்றார் டீச்சர்.

அம்மா இறந்து அப்போது ஒன்றரை வருடம் ஆகியிருந்தது.

உண்மை தெரிந்ததும் பள்ளி ஆலோசகர் திட்டவில்லை. புதுப் பள்ளிக்கு எல்லாவற்றையும் கடிதமாக எழுதி உறையில் வைத்தார். "அதுக்குள்ள உங்கப்பாகிட்ட நீயே சொல்லிடு. சொல்லுவே இல்ல?" என்றார். ஓபல் தலையாட்டினாள். சொல்லவில்லை.

இப்போது லூர்டஸ் பந்தை வாங்கக் கை நீட்டினார்.

"குடுக்காதீங்க!" என்றாள் ஓபல்.

அவள் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. வரிசை முழுக்கத் திரும்பியது.

"அப்பா, ஃபைல் மூட்டையில இல்ல. நான்தான் குளியலறையிலேர்ந்து வெளிய எடுத்தேன். அவங்க கட்டிட்டாங்க. எனக்கு அன்னைக்கே தெரியும்."

அப்பா அவளைப் பார்த்தார். "மூணு நாளாவா?"

"ஆமா."

"ஏன் சொல்லலை?"

ஓபல் தோள்பையின் அடியிலிருந்து உறையை இழுத்தாள். "இதுல ஒரு காப்பி இருக்கு."

"பிரிக்காதம்மா. புது ஸ்கூல்ல ஒத்துக்க மாட்டாங்க."

"நான் சொல்லிக்கிறேன்பா."

கிழித்தாள். மதிப்பெண் அட்டை வந்தது. தடுப்பூசி அட்டை வந்தது. பிறகு உத்தரவின் நகல். அதை லூர்டஸிடம் கொடுத்தாள்.

அடுத்தது கடிதம். அப்பா எதுவும் கேட்கவில்லை. உறையை மடித்துப் பைக்குள் வைத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

ஓபல் அதை அப்பாவிடம் நீட்டினாள். "இதுக்காகத்தான் எடுத்தேன்," என்றாள்.

அப்பா பந்தைக் கீழே வைத்தார். படித்தார். ஒரே ஒரு பக்கம்தான். அவர் படித்து முடிக்க நெடுநேரம் ஆனது. ஓபல் அவருடைய முகத்தைப் பார்க்காமல் சட்டைப் பொத்தானைப் பார்த்தாள். நான்காவது பொத்தானில் நூல் பிரிந்திருந்தது.

"லெட்டர்கூட எழுதினியா?" என்றார்.

"மூணு."

அப்பா கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"பந்து உருட்டுற எடத்துல உங்கம்மா எங்கன்னு கேட்டாங்க," என்றார். "ஊருக்குப் போயிருக்கான்னு சொல்லிட்டேன்."

ஓபல் நிமிர்ந்தாள். "நீங்களா?"

"ம்."

"எப்ப வருவாங்கன்னு கேக்கலையா?"

"கேட்டாங்க. நான் கோடையிலன்னு சொன்னேன்." அவர் மூக்கை உறிஞ்சினார். "அப்புறம் அந்தப் பக்கமே போகலை."

ஓபல் பிரிந்திருந்த அந்த நூலைப் பிடித்து மெல்லச் சுற்றிவிட்டாள். அப்பா அவள் தலைமேல் கையை வைத்தார். கொஞ்ச நேரம் எடுக்கவில்லை.

"சார்ஜென்ட்!" என்று கூப்பிட்டார் லூர்டஸ். "எல்லாம் சரியா இருக்கு. ஒம்பது பைக்கும் காசு இல்ல. நாலாக் கட்டினதைத் திரும்ப ஒம்பதாப் பிரிங்க. சட்டுனு!"

"மறுபடியுமா!" என்றார் தொப்பிக்காரப் பெரியவர். ஆனால் குனிந்து வாணலியை எடுத்துக் கொடுத்தவரும் அவர்தான்.

எட்டுப் பைகள் போயின. ஓபல் பந்தைப் பையில் வைத்துத் தானே தூக்கி எடை மேடையில் வைத்தாள். லூர்டஸ், "உடையும் பொருள்" என்று எழுதிய ஒரு சிவப்பு ஸ்டிக்கரை எடுத்தார்.

"இதை உடைக்கணும்னா யானைதான் வரணும். இருந்தாலும் ஒட்டறேன். யாரோடது கண்ணு, உன்னோடதா?"

"எங்கம்மாவோடது."

"அவங்க ஆடுவாங்களா?"

ஓபல் அப்பாவைப் பார்த்தாள்.

"ஆடினாங்க," என்றாள் ஓபல். "இறந்துட்டாங்க. ரெண்டு வருஷம் ஆகப்போகுது."

சொல்லிவிட்டாள். யாரும் கத்தவில்லை. கூரை இடிந்து விழவில்லை.

லூர்டஸின் கை ஸ்டிக்கரோடு நின்றது. பிறகு அதை ஒட்டி, நான்கு மூலைகளையும் அழுத்தித் தேய்த்தார்.

"நல்லா ஆடுவாங்களா?" என்றார்.

இதுவரை யாருமே இப்படிக் கேட்டதில்லை.

"ஒரு தடவை இருநூத்திப் பதினொண்ணு பாயிண்ட் எடுத்தாங்க," என்றாள் ஓபல்.

"இருநூத்திப் பன்னெண்டு," என்றார் அப்பா.

"அப்பா," என்றான் வெஸ். அவன் முகம் தக்காளிபோல ஆகியிருந்தது. "இப்பவாவது கோட்டைக் கழட்டலாமா?"

எல்லோரும் அவனை மறந்தே போயிருந்தார்கள்.

பெல்ட் நகர்ந்தது. ஒன்பதாவது பை சரிவில் இறங்கும்போது புரண்டது, உருண்டது, முன்னால் நிமிர்ந்து நின்ற யாருடைய பெட்டியிலோ போய் மோதியது. பெட்டி தொப்பென்று சாய்ந்தது.

"அடிச்சாச்சு!" என்று கத்தினான் வெஸ், கழற்றிய கோட்டை உயரத் தூக்கி ஆட்டியபடி.